நிவாரணப் பட்டியலில் யார் பெயர் ஏறுகிறது?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்து சுமார் இரண்டரை மணி நேரத்தில் அலை நாகப்பட்டினம் கரையில் ஏறியது. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோர் அன்றைய நாகை மாவட்டத்துக்காரர்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி என்று அந்த வாரம் முழுக்க நாம் கேட்ட ஊர்ப் பெயர்கள் இன்னும் பலருக்கு மறந்திருக்காது.

அலை அடித்தது சில நிமிடங்கள். அதிலிருந்து மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அப்படியும் எல்லோரும் ஒரே மாதிரி மீளவில்லை. கரையோரக் குப்பத்தில் இருந்த ஒரு மீனவக் குடும்பத்துக்குச் சில ஆண்டுகளில் காங்கிரீட் வீடும் ஃபைபர் படகும் வந்துவிட்டன. அதே ஊரின் பின்னால், வயலை ஒட்டிய காலனியில் இருந்த விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு அரிசி மூட்டை வந்ததோடு சரி. இரண்டு வீட்டுக்கும் இடையே சில நூறு மீட்டர்தான் தூரம். ஏன் இப்படி ஆனது? இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பேரிடருக்குப் பிறகு நடப்பதை மூன்று கட்டங்களாகப் பிரிப்பது வழக்கம். முதலில் மீட்பு: இடிபாட்டிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் ஆட்களை வெளியே எடுப்பது. இது சில நாள் வேலை. அடுத்தது நிவாரணம்: சோறு, துணி, தற்காலிகக் கூரை. இதற்குச் சில வாரமோ சில மாதமோ ஆகும். மூன்றாவது மறுவாழ்வு: வீடு, தொழில், பள்ளிக்கூடம், கடன், மனசு, அக்கம்பக்கம் எல்லாம் மறுபடி நிலைக்கு வருவது. இதற்கு ஆண்டுக்கணக்கில் பிடிக்கும். முதல் இரண்டு கட்டங்களிலும் கேமராக்கள் இருக்கும், அமைச்சர்கள் வருவார்கள், லாரிகள் வரிசையில் நிற்கும். மூன்றாவது கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் தலையெழுத்து அங்கேதான் முடிவாகிறது.

அந்த மூன்றாவது கட்டத்தை நடத்துவது ஒரு பட்டியல். யாருக்கு வீடு, யாருக்குப் படகு, யாருக்கு எவ்வளவு பணம் என்கிற பயனாளிகள் பட்டியல். பார்ப்பதற்கு அது வெறும் ஆபீஸ் காகிதம். ஆனால் "எங்களில் ஒருவர்" என்று ஊர் யாரைச் சொல்கிறது, "இழப்பு" என்று கணக்கு எதைச் சொல்கிறது, பேனா யார் கையில் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் அந்தக் காகிதத்தை எழுதுகின்றன. முதலாவது பண்பாடு, இரண்டாவது பொருளாதாரம், மூன்றாவது அரசியல். மழைத் தண்ணீர் ஏற்கெனவே வெட்டிய வாய்க்காலில்தான் ஓடும்; உதவியும் அப்படித்தான்.

முதலில் பண்பாட்டைப் பார்ப்போம். நாகைக் கரையில் இதைப் பேசாமல் எதையும் பேச முடியாது.

அந்தக் கரையோர ஊர்கள் பெரும்பாலும் பட்டினவர் சமூகத்து மீனவர்கள் வாழும் ஊர்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஊர் பஞ்சாயத்து உண்டு. இது தேர்தல் வைத்து நடக்கிற ஊராட்சி அல்ல, காலம்காலமாக வருகிற வேறு அமைப்பு. நாட்டார், பஞ்சாயத்தார் என்று பொறுப்பில் இருப்பவர்களைச் சொல்வார்கள். எந்த வலை போடலாம், எப்போது கடலுக்குப் போகக்கூடாது, கோயில் திருவிழாவுக்கு யார் எவ்வளவு தரவேண்டும், சண்டையை எப்படித் தீர்ப்பது என்று எல்லாம் அங்கே பேசி முடிவாகும். ஊருக்கு வரி கட்டுகிற குடும்பம்தான் ஊரின் உறுப்பு. பல ஊர்களுக்கு ஒரு தலைமைக் கிராமமும் இருக்கும்.

சுனாமி நடந்த சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் நாகைக்கு வந்து இறங்கின. அவர்களுக்கு ஊர் தெரியாது, பல பேருக்கு மொழியும் தெரியாது. யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய, ஆள் கணக்கு கையில் வைத்திருந்த ஒரே அமைப்பு ஊர் பஞ்சாயத்துதான். அரசும் அவர்களைத்தான் நாடியது. அதன் பலன் உடனே தெரிந்தது. லாரியைச் சுற்றி அடிதடி நடந்த இடங்களில் எல்லாம் பஞ்சாயத்து பொருளை வாங்கி வைத்து வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்தது. கூடாரம் போட்டாலும் ஊர் ஊராகத்தான் இருப்போம் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். பிறகு கட்டிய நிரந்தரக் குடியிருப்புகளும் பெரும்பாலும் ஊர் கலையாமல்தான் அமைந்தன.

ஊர் கலையாமல் இருப்பது அப்படி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஜப்பானில் என்ன நடந்தது என்று பார்த்தால் புரியும். 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரத்தை நிலநடுக்கம் தாக்கியது. 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். வீடிழந்தவர்களுக்குத் தற்காலிக வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். முதியவர்களுக்கும் உடல்நலம் குன்றியவர்களுக்கும் முன்னுரிமை. கேட்பதற்கு இதைவிட நியாயமான முறை இருக்க முடியாது. ஆனால் குலுக்கலில் தெரு சிதறியது. நாற்பது ஆண்டுகள் ஒருவரை ஒருவர் பார்த்து வாழ்ந்த அண்டை வீட்டார் நகரத்தின் வெவ்வேறு ஓரங்களுக்குப் போனார்கள். முகம் தெரியாதவர்கள் மத்தியில் தனியாக இருந்த முதியவர்கள் பலர் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள்ளேயே இறந்து கிடந்தார்கள். 2004 அக்டோபரில் நீகாத்தா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது இந்த அனுபவம் கைகொடுத்தது. யமாகோஷி என்ற மலைக் கிராமத்து மக்களை ஊர் ஊராகவே குடியமர்த்தினார்கள்.

ஆக, நாகை மீனவர்கள் பிடித்த பிடிவாதம் பெரிய அறிவு. இன்னொன்றிலும் அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள்: வரும் உதவியை ஊருக்குள் சமமாகத்தான் பிரிக்க வேண்டும் என்றார்கள். வீடு முழுதாகப் போனவருக்கும் சுவரில் விரிசல் மட்டும் விழுந்தவருக்கும் ஒரே அளவா என்று வெளி நிறுவனங்கள் முகம் சுளித்தன. ஊரின் பார்வை வேறு. நிறுவனங்கள் ஓராண்டில் கிளம்பிவிடும். ஒருவனுக்கு அதிகம், ஒருவனுக்குக் குறைவு என்று ஆனால் அந்தப் பகையோடு காலம் முழுக்க ஒரே கரையில் வாழவேண்டியது இவர்கள்தானே? நான் ஊரின் பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் அதே பஞ்சாயத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. வரி கட்டும் குடும்பம் என்றால் ஒரு ஆணைத் தலைவனாகக் கொண்ட குடும்பம். பஞ்சாயத்துக் கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. கணவனை அலை கொண்டுபோன பெண், கணவனை விட்டுத் தனியாக வாழும் பெண் எல்லாம் அந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள்? பல ஊர்களில் அவர்களுக்குப் பங்கு குறைந்தது, சில இடங்களில் கிடைக்கவே இல்லை. சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஊருக்குள் வாழ்ந்தாலும் அந்தச் சமூகத்தைச் சேராத குடும்பங்களின் பெயர் பட்டியலுக்கு வரவே இல்லை. பஞ்சாயத்து ஊரைக் காப்பாற்றியது, உண்மை. யார் ஊர் என்பதையும் அதுவேதான் தீர்மானித்தது.

இறந்தவர்களின் கணக்கிலேயே இந்தப் பண்பாடு தெரிகிறது. அலை ஆள் பார்த்து அடிக்கவில்லை என்று அப்போது பலர் எழுதினார்கள். ஆனால் கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்களின் எண்ணிக்கை ஆண்களைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நாகையிலும் பெண்களே அதிகம். ஆண்கள் பலர் கடலுக்குள் இருந்தார்கள்; ஆழ்கடலில் சுனாமி படகைத் தூக்கிப் போடாது. பெண்கள் கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள், வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் நீச்சல் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. சேலை காலைக் கட்டியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை.

பிள்ளைகளை இழந்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். அதை மாற்றி மறுபடி பிள்ளை பெற உதவும் அறுவை சிகிச்சைக்குத் தமிழ்நாடு அரசு பணம் கொடுத்தது. எந்தப் பேரிடர் கையேட்டிலும் அன்றைக்கு இப்படி ஒரு செலவுத் தலைப்பு இருந்திருக்க வாய்ப்பில்லை. இந்த மண்ணில் ஒரு தாய்க்கு எது மறுவாழ்வு என்று தெரிந்தவர்கள் எடுத்த முடிவு அது. பிள்ளை இல்லாவிட்டால் மாமியார் வீட்டில் அவள் நிலை என்ன ஆகும் என்ற பயமும் அதற்குப் பின்னால் இருந்தது. பண்பாட்டின் இந்த இரண்டு முகத்தையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

இன்னொரு காட்சியும் உண்டு. நாடு முழுவதிலிருந்தும் பழைய துணிகள் மூட்டை மூட்டையாக வந்தன. நாகையில் சாலையோரங்களில் மலையாகக் குவிந்து கிடந்தன. மீனவர்கள் அதைத் தொடவில்லை. கடலில் உழைத்து, சமயத்தில் கை நிறையவும் சம்பாதித்து, யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தவர்களிடம் அடுத்தவர் உடுத்திக் கழித்த துணியைக் கொடுத்தால் வாங்குவார்களா? கொடுத்தவர்களின் மனசில் குறை இல்லை. யாருக்குக் கொடுக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளாததுதான் குறை.

அப்புறம் பொருளாதாரம். இங்கே விஷயம் இன்னும் கூர்மை.

இழப்பீடு என்றால் இழந்ததற்கு ஈடு. அப்படியானால் இழப்பதற்கு ஏதாவது வைத்திருந்தவருக்குத்தான் அது கிடைக்கும். விசைப்படகு வைத்திருந்தவர் பெரிய இழப்பைக் காட்டினார். வல்லமோ கட்டுமரமோ வைத்திருந்தவர் அதைக் காட்டினார். படகில் கூலிக்குப் போனவர் எதைக் காட்டுவார்? அவர் இழந்தது நாளைய வேலையை. காலனியில் இருந்த விவசாயக் கூலிக்கு வீடு இடியவில்லை, படகும் கிடையாது. ஆனால் அவர் நாற்று நட்ட வயலில் கடல் ஏறி உப்பு படிந்துவிட்டது. நிலக்காரருக்குப் பயிர் இழப்பீடு வந்தது, மண்ணைச் சரிசெய்ய ஜிப்சமும் தக்கைப்பூண்டு விதையும் வந்தன. நிலம் தேறும்வரை வேலை இல்லாமல் இருந்தவர் பாதிக்கப்பட்டவர் என்ற கணக்கிலேயே வரவில்லை. கழிமுகத்திலும் ஓடையிலும் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் நிலை இன்னும் மோசம். அவர்களில் பலரிடம் ரேஷன் அட்டை இல்லை, சாதிச் சான்றிதழ் இல்லை, பட்டா இல்லை. காகிதம் இல்லாதவருக்கு இழப்பும் இல்லை என்று ஆகிவிட்டது.

இதில் சாதி எப்படிக் கலந்திருந்தது என்று தனியாகச் சொல்லவேண்டும். முகாம்களில் தலித் குடும்பங்களை ஒதுக்கிவைத்ததும், தண்ணீர் பிடிக்கவிடாததும், பொருள் கொடுக்காமல் திருப்பி அனுப்பியதும் அப்போதே மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாயின. இடிபாட்டிலிருந்து நூற்றுக்கணக்கான உடல்களை எடுத்துப் புதைத்தது வேறு ஊர்களிலிருந்து அழைத்து வரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களும் பெரும்பாலும் தலித்துகள்தான். அந்த வேலைக்கு மட்டும் அவர்களைத் தேடிப்போய் அழைத்தார்கள்.

மீனவப் பெண்களுக்கு வருவோம். கரையில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் தலைச்சுமையாகத் தூக்கி, பக்கத்து ஊர்களில் விற்றுவருவது அவர்கள் தொழில். வீட்டின் அன்றாடச் செலவு அந்தக் காசில்தான் நடக்கும். அரசுக் கணக்கில் மீனவர் என்றால் கடலுக்குள் போகிறவர். அதனால் படகும் வலையும் தொழில் கருவி ஆயின; கூடையும், பாத்திரமும், கருவாட்டு இருப்பும், கைமுதலும் ஆகவில்லை. பல இடங்களில் ஆணுக்குப் படகு இலவசமாக வந்தது, பெண்ணுக்குச் சுய உதவிக் குழு மூலம் கடன் வந்தது. கடனைத் திருப்பிக் கட்டவேண்டும். போதாததற்கு, கடலில் பிணங்கள் போயிருக்கின்றன என்ற அருவருப்பில் ஊர்மக்கள் பல வாரம் மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். வியாபாரம் படுத்தது.

படகு விஷயத்தில் நடந்தது மறுவாழ்வுத் திட்டம் போடுகிற எல்லோரும் படிக்கவேண்டிய பாடம். நன்கொடை கொடுத்தவர்களுக்குப் படகு பிடித்திருந்தது. படம் எடுக்கலாம், பெயர் எழுதலாம், எத்தனை கொடுத்தோம் என்று எண்ணிக் காட்டலாம். ஆளாளுக்குப் படகு கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிக ஃபைபர் படகுகள் கரையில் நின்றன. அவசரத்தில் திறந்த பட்டறைகளில் செய்த படகுகள் பல தரமில்லாமல் சீக்கிரமே ஓட்டை விழுந்தன. அதுவரை படகுக்காரருக்கும் கூலிக்கு வருபவருக்கும் இடையே பங்கு என்ற முறை ஓடிக்கொண்டிருந்தது. டீசல் செலவு போக மிச்சத்தை இன்ன விகிதத்தில் பிரிப்பார்கள். எல்லோரும் படகுக்காரர் ஆனதும் படகில் ஏற ஆள் கிடைக்கவில்லை. கடலில் மீன் மட்டும் அதே அளவுதான். இதில் நல்லதும் நடந்தது. தலைமுறையாகக் கூலிக்குப் போன சிலர் முதல்முறை சொந்தப் படகில் ஏறினார்கள். அதற்கு முன் படகு வாங்க வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிடித்த மீனை அவரிடமே அவர் சொன்ன விலைக்குக் கொடுக்கவேண்டும். இலவசப் படகு சிலரை அந்தக் கட்டிலிருந்து விடுவித்தது. தீமை என்று முழுக்க ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எவ்வளவு படகு இந்தக் கரை தாங்கும் என்று முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

உதவியைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்றை எழுதும்போதே அநீதியும் அதற்குள் நுழைந்துவிடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு தெளிவான உதாரணம் உண்டு. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்தது. வீட்டைத் திரும்பக் கட்ட லூசியானா மாநிலம் கொண்டுவந்த 'ரோடு ஹோம்' திட்டத்தில், புயலுக்கு முன் வீட்டின் சந்தை விலை எவ்வளவு, பழுது பார்க்க ஆகும் செலவு எவ்வளவு என்று பார்த்து, இரண்டில் எது குறைவோ அதை வைத்து உதவித்தொகையைக் கணக்கிட்டார்கள். சட்டத்தில் எங்கேயும் நிறம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் வீட்டின் சந்தை விலை நெடுங்காலமாகவே குறைவு. செங்கல்லும் சிமெண்டும் எல்லோருக்கும் ஒரே விலை. ஒரே அளவு வீடு, ஒரே அளவு சேதம், ஆனால் கறுப்பினக் குடும்பத்துக்குக் கிடைத்தது குறைவு. வழக்கு தொடுத்து 2011-ல் சமரசம் ஏற்படும்போது பல குடும்பங்கள் ஊரைவிட்டே போய்விட்டிருந்தன.

சரி, பேனா யார் கையில் இருக்கிறது? அது அரசியல். கட்சி, தேர்தல் மட்டும் அரசியல் இல்லை. எந்த விதி, யாருடைய நிலம், யார் கையெழுத்து என்பதும் அரசியல்தான்.

2005 மார்ச் 30 அன்று தமிழ்நாடு அரசு வீடுகள் பற்றி 172 என்ற எண்ணுள்ள அரசாணையை வெளியிட்டது. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து (ஏற்றத்தின்போது கடல் நீர் வந்து தொடும் எல்லை) 200 மீட்டருக்குள் வீடிழந்தவர்கள் அதற்கு அப்பால் போகச் சம்மதித்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் புதிய வீடு இலவசம். போக மறுத்தால் பழைய இடத்திலேயே சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அரசு உதவி கிடையாது. போகிறவர் பழைய இடத்தை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பாதுகாப்புக்காகத்தான் என்று அரசு சொன்னது. மீனவர்கள் கேட்ட கேள்வி வேறு: நாங்கள் காலி செய்கிற கரையில் நாளை யார் வருவார்? கரை அவர்களுக்கு வெறும் வீட்டு மனை இல்லை. வலை காயவைக்க, படகு ஏற்ற, காற்றும் நீரோட்டமும் பார்க்க அவர்களுக்கு அது வேண்டும். உள்ளே தள்ளிப் போனால் இஞ்சினைத் தினமும் சுமந்துகொண்டு நடக்க வேண்டும்.

அதே அரசாணையில் ஒரு நல்ல வரியும் இருந்தது. புதிய வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக இருக்கவேண்டும். ஊர் பஞ்சாயத்தின் கணக்கில் இல்லாத பெண்ணுக்கு ஒரு அரசுக் காகிதம் வீட்டில் பாதியைக் கொடுத்தது. பண்பாடு கொடுக்காததை அரசியல் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது. நிர்வாகத்திலும் நல்லது நடந்தது. நாகை ஆட்சியர் பொறுப்புக்கு ஜெ. ராதாகிருஷ்ணன் வந்தார். ஆட்சியர் அலுவலகத்தோடு சேர்ந்தே தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் இயங்கியது. எந்த ஊருக்கு யார் போகிறார்கள், எங்கே இரட்டிப்பாகிறது, எது விட்டுப்போனது என்று பேச ஓர் இடம் கிடைத்தது.

ஏழைகளுக்கு அரசியலில் குரல் குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை காட்டியது. வடசென்னையிலும் மெரினாவை ஒட்டிய குப்பங்களிலும் பாதிக்கப்பட்ட குடும்பங்களில் பலரைக் கடலை விட்டு வெகுதூரத்தில் செம்மஞ்சேரி அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். மீன் விற்கிறவளும் வீட்டு வேலைக்குப் போகிறவளும் விடிகாலை வேலைக்கு அங்கிருந்து எப்படி வருவாள்? அந்த வீடுகளை நல்லது என்று எண்ணிக் கொடுத்தவர்கள் பஸ் நேரத்தைக் கேட்டிருக்கவில்லை.

இதே அலை இலங்கையிலும் அடித்தது. அங்கே 30,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அம்பாறை, முல்லைத்தீவு, மட்டக்களப்பு எல்லாம் பெரிதும் பாதிக்கப்பட்டவை. அங்கே கரையிலிருந்து கட்டடம் கட்டக்கூடாத தூரத்தைத் தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர் என்றும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்றும் அறிவித்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் அதிகம் வாழும் கரையில்தான் அந்த இரட்டிப்புத் தூரம். மீனவர் வீடு கட்ட முடியாது, கடலோர ஹோட்டல்கள் தொடரலாம் என்றபோது மக்கள் கொதித்தார்கள். கடைசியில் அந்த விதியைத் தளர்த்தினார்கள். அதற்குள் பல மாதங்கள் முகாமில் போயின.

போர்நிறுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. உதவியைச் சேர்ந்து பகிர்வதற்கு அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24 அன்று பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதை எதிர்த்து, ஆளும் கூட்டணியில் இருந்த ஜே.வி.பி. கட்சி ஏற்கெனவே ஆட்சியிலிருந்து விலகியிருந்தது. கிழக்கில் ஏராளமானோரை இழந்த முஸ்லிம்கள், எங்களைச் சேர்க்காமல் என்ன பகிர்வு என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஜூலை நடுவில் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தின் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அது செயலுக்கு வரவே இல்லை. அடுத்த ஆண்டு போர் மறுபடி மூண்டது. சுனாமியிலிருந்து பாதி எழுந்திருந்த முல்லைத்தீவுக் கரை 2009-ல் என்ன ஆனது என்று தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை.

இலங்கையின் கிழக்கில் அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டினார்கள், சுனாமியில் வீடிழந்த முஸ்லிம் குடும்பங்களுக்காக. எந்த இனத்தாருக்கு எத்தனை வீடு என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வீடுகள் பூட்டியபடியே பல ஆண்டுகள் புதர் மண்டிக் கிடந்தன. பணமும் வீடும் தேவையும் எல்லாம் இருந்தும், யாருடைய நிலம் என்ற கேள்வி தீரவில்லை.

இந்தோனேசியாவின் அச்சேயில் நேர்மாறாக நடந்தது. அலையில் மிக அதிகமானோர் இறந்த இடம் அது. அங்கேயும் சுதந்திர அச்சே இயக்கம் அரசோடு பல ஆண்டுகள் போரிட்டுக்கொண்டிருந்தது. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சின்கியில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது, அது நிலைத்தது. சுனாமி மனசை மாற்றிவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அலை மட்டும் காரணமில்லை. இயக்கம் ஏற்கெனவே களத்தில் பலவீனப்பட்டிருந்தது. புதிதாக வந்த அதிபர் யுதோயோனோவும் துணை அதிபர் யூசுஃப் கல்லாவும் பேச்சை விரும்பினார்கள். அதற்கான தொடர்புகள் அலைக்கு முன்பே தொடங்கியிருந்தன. உலகின் கண் அங்கே திரும்பியதும் இரு தரப்புக்கும் இறங்கிவர ஒரு வாய்ப்பு கிடைத்தது. மறுசீரமைப்புக்கென்று தனி அமைப்பு ஒன்றை 2005 முதல் 2009 வரை நடத்தி லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். அங்கேயும் பட்டியல் பிரச்சினை இருந்தது. சுனாமியில் வீடிழந்த கரையோரத்துக்குப் பணம் கொட்டியது, போரில் வீடு எரிந்த உள்நாட்டுக் கிராமங்களுக்குச் சொற்பமே வந்தது.

பண்பாடு, பொருளாதாரம், அரசியல் மூன்றையும் தனித்தனியாகச் சொன்னாலும் நடப்பில் அவை பிரிந்து வருவதில்லை. நாகையில் கட்டிய புதிய வீடுகளைப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்பது அரசின் கணக்கு. அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு, நடுவில் வேப்ப மரத்தடியில் வலை பின்னி வாழ்ந்தது ஊரின் வழக்கம். வரிசை வரிசையாகக் கட்டினால் ஒப்பந்தக்காரருக்குச் செலவு குறைவு. கடைசியில் சில ஊர்களில் மரத்தை எல்லாம் வெட்டி, சேதமில்லாத பழைய வீடுகளைக்கூட இடித்து, நேர்க்கோட்டில் காங்கிரீட் கூரை வீடுகள் எழுந்தன. புயல் தாங்கும், அது பெரிய விஷயம். சித்திரை வெயிலில் உள்ளே இருக்க முடியாது, அதுவும் உண்மை. மதியம் பெண்கள் கூடி உட்கார இடமே இல்லாமல் போயிற்று.

அடுத்த முறை ஒரு புயலோ வெள்ளமோ வரும்போது செய்தியை எப்படிப் படிப்பது என்பதற்கும் இது உதவும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தது. டெல்டாவின் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்தன. மரம் ஒன்றுக்கு இழப்பீடாக 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு அறிவித்தது. புதிதாக நட்டால் காய்க்க ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும் என்று விவசாயிகள் போராடினார்கள். அது நியாயமான போராட்டம். ஆனால் மரம் ஏறிக் காய் பறித்தவர், தேங்காய் உரித்தவர், கீற்று முடைந்த பெண், கயிறு திரித்தவர் எல்லாம் அதே ஐந்து ஆண்டும் வேலை இல்லாமல் இருக்கப் போகிறவர்கள்தான். மரத்துக்கு விலை போட்ட கணக்கில் அவர்களுக்கு ஒரு பத்திகூட இல்லை.

ஆகவே அரசோ தொண்டு நிறுவனமோ எத்தனை கோடி என்று அறிவிக்கும்போது, பயனாளி என்றால் யார் என்று எப்படி வரையறுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். காகிதம் இல்லாதவர், வாடகைக்கு இருந்தவர், வெளி மாநிலத்திலிருந்து வந்து வேலை செய்தவர், தனியாக வாழும் பெண் இவர்களுக்கு அதில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் உதவப் போகிறவர் என்றால் ஊர்த் தலைவரைப் பார்த்த கையோடு அந்த ஊரின் கடைசித் தெருவுக்கும் நடந்து போங்கள். பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடை வாசலிலும் ஒட்டச் சொல்லுங்கள், கிராம சபையில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன பெயரைச் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கும் கடைசி நாள் எது என்பதையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.